எண்பதைத் தாண்டினால்

"என்ன நடுக்கம்?" என்று அவன் கேட்டபோது, விளையாடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

பின்னால், அந்த மோட்டார்ஹோமின் குட்டிச் சமையலறையில், இழுப்பறைக்குள் கிடந்த கரண்டிகள் குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. அலமாரிக் கதவுகள் தாழ்ப்பாளுக்குள்ளேயே முட்டி முட்டித் திரும்பின. அவளுடைய உள்ளங்காலில் தொடங்கிய அதிர்வு முழங்காலில் ஏறி, இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து பல்லுக்குப் போனது. வெளிக் கண்ணாடியில் பின்னால் ஓடிய சாலை இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவனோ ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வீட்டு ஹாலில் சோபாவில் சாய்ந்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

"விளையாடாதீங்க. கரண்டி சத்தம் கேக்கலையா?"

"கரண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்."

இதை வேறு எந்த மனிதன் சொல்லியிருந்தாலும் விட்டுத்தள்ளியிருப்பாள். ஆனால் அவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். தரைத்தளத்தில் நின்றுகொண்டு மொட்டைமாடி மோட்டாரில் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மின்விசிறி லேசாக டிக் டிக்கென்றால் தூக்கம் வராமல் ஸ்டூல் போட்டு ஏறி, திருகாணியை முறுக்கிவிட்டுத்தான் படுப்பான். ஊரிலுள்ள நட்டு போல்ட்டுக்கெல்லாம் இவர்தான் காவல்காரர் என்று அவள் அவனைச் சீண்டாத நாள் கிடையாது. அந்த மனிதன்தான், ஒரு முழு வீடும் உதறிக்கொண்டு ஓடும்போது, என்ன நடுக்கம் என்று கேட்கிறான்.

அவன் வேகத்தைக் குறைத்தான். முள் எழுபதுக்கு வந்ததும் கரண்டிகள் அடங்கின. மறுபடி எண்பதைத் தாண்டியதும் ஆரம்பித்தது. தொண்ணூறில் உச்சம். அப்புறம் இறங்கினால் நின்றது. முந்தாநாளிலிருந்து இதே கதைதான்.

முந்தாநாள் ஜாக்கி சரிந்தது.

அதை நினைக்கக் கூடாதென்று அவள் இரண்டு நாளாக முயன்றுகொண்டிருந்தாள். ஆள் இல்லாத சாலை ஓரம், சரளைக்கல் தரை, பின்சக்கரத்தில் ஆணி. அவன் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, எதையோ பார்ப்பதற்காக வண்டிக்கு அடியில் நுழைந்தான். அவள் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். செருப்புப் போட்ட அவனுடைய பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சரளையில் இரும்பு வழுக்கும் கிறீச்சென்ற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கனத்த சத்தம். அவள் நிமிர்ந்தபோது வண்டியின் பின்மூலை தரையோடு தரையாக இருந்தது. பாதங்களைக் காணோம்.

ஓடிப்போய் முட்டிபோட்டுக் குனிந்தாள். தரைக்கும் வண்டிக்கும் நடுவே கை நுழைய இடமில்லை. உள்ளே இருட்டு. கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அப்போது வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து அவன் சுற்றிக்கொண்டு வந்தான், நீலச் சட்டையில் கைகளைத் துடைத்தபடி.

"இந்தப் பக்கமா வந்துட்டேன்" என்றான்.

ஒரு கீறல்கூட இல்லை. அவள் அவன் மார்பில் குத்திக் குத்தி அழுதாள். அவளை அணைத்துக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை, அழுது முடியட்டும் என்று நின்றான். பிறகு பலகை வைத்து ஜாக்கியை நிறுத்தி வண்டியைத் தூக்கி ஸ்டெப்னியை மாட்டினான். அவள் அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? ஆள்தான் எதிரே நிற்கிறானே.

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வந்துடுவோம்னு நம்ம பாப்பாகிட்ட சொல்லியிருக்கோம்" என்றாள் இப்போது. "இந்த நடுக்கத்தோட போக முடியாது. சக்கரம் கழண்டுக்கிட்டா? வழியில டயர் கடை வந்தா நிறுத்துங்க."

"தேவையில்ல."

"எனக்குத் தேவை. நிறுத்துங்க."

அவன் சாலையைப் பார்த்தே ஓட்டினான். ஆனால் கடை வந்ததும் நிறுத்தினான்.

நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய தகரக் கொட்டகை அது. ரப்பரும் டீசலும் வெயிலில் காய்ந்த வாசனை. கடைக்காரி ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. கொண்டையை இறுக்கி முடிந்து, அதற்குள் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். லாரிக்காரர்கள் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்து சிரித்தாள். "வாடகை மிச்சம். என்ன பிரச்சினை?"

அவள் சொன்னாள். அவன் சும்மா நின்றான்.

"ஆடுறது ஸ்டியரிங்கா, சீட்டா?"

"சீட்டு. தரை."

"அப்ப பின்சக்கரம். கை நடுங்கினா முன்னாடி கோளாறு, உக்காந்த இடம் நடுங்கினா பின்னாடி கோளாறு. ஜாக்கி சரிஞ்சுதுன்னு சொல்றியே தங்கச்சி, அதுல ரிம் வளைஞ்சிருக்கும். இதெல்லாம் ஒரு வியாதியா, விடு."

அந்தத் தைரியமான குரலைக் கேட்டதும் அவளுக்கு இரண்டு நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக இறங்கியது. ரிம் வளைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

வண்டியைத் தரைக்குழியின் மேல் கொண்டு நிறுத்தினார்கள். மாஸ்டர் விளக்கோடு குழிக்குள் இறங்கினாள். மற்ற நாளாக இருந்தால் அவள் கணவன் கூடவே இறங்கி, ஷாஃப்டைப் பார்த்தீங்களா, பேரிங்கைப் பார்த்தீங்களா என்று மாஸ்டரின் பிராணனை வாங்கியிருப்பான். இன்றைக்குக் கொட்டகையின் நிழல் முடியும் இடத்தில், குழிக்கு முதுகைக் காட்டி நின்றான். குழிக்குள்ளிருந்து மாஸ்டர் எதையாவது கேட்டால் திரும்பாமலே பதில் சொன்னான்.

ரிம் வளைந்துதான் இருந்தது. கழற்றிச் சுழற்றியபோது ஓரம் அலை அலையாக ஓடுவதை மாஸ்டர் விரல் வைத்துக் காட்டினாள். வேறு ரிம் போட்டாள். எல்லாச் சக்கரத்தையும் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, கனம் குறைந்த பக்கத்தில் சின்னச் சின்ன ஈயக்கட்டிகளை ஒட்டினாள். நட்டுகளை முறுக்கினாள்.

"வா தங்கச்சி, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். சார் டீ குடிக்கட்டும்."

மாஸ்டர் ஓட்டினாள். எண்பது. தொண்ணூறு. நூறு. கரண்டிகள் மூச்சு விடவில்லை. கண்ணாடியில் சாலை ஒரே கோடாக, சலனமில்லாமல் ஓடியது.

"தொட்டில் கட்டிப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம்" என்றாள் மாஸ்டர்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதற்கா இரண்டு நாள் ஆளைச் சந்தேகமாகப் பார்த்தோம்? பாவம், ஜாக்கி சரிந்த அதிர்ச்சியில் மனுஷன் ஒடுங்கிப்போயிருக்கிறான். அவள் ஒரு பிசியோதெரபிஸ்ட். விபத்துக்குப் பிறகு ஆட்கள் பேச்சு குறைந்து மரத்துப்போவதைப் பார்க்காதவளா? வீட்டுக்குப் போனால், பாப்பாவைப் பார்த்தால், எல்லாம் சரியாகும்.

கடையில் இறங்கி நன்றி சொல்லிவிட்டு, கணவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் குடிக்காமல் வைத்துவிட்டுப்போன டீயில் ஆடை கட்டியிருந்தது.

எண்பதைத் தாண்டியதும் கரண்டிகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால், முழங்கால், இடுப்பு. அதே நடுக்கம். இல்லை, முன்னைவிடக் கொஞ்சம் அதிகம்.

"இப்பவாவது தெரியுதா?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"வண்டியைத் திருப்புங்க."

மாஸ்டருக்கு முதலில் நம்பிக்கையில்லை, பிறகு ரோஷம். இன்னொரு தடவை எல்லாவற்றையும் பிரித்தாள். இடதுபக்கச் சக்கரத்தை வலதுபக்கம் மாற்றினாள். ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாள், கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்தாள். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் மிச்சம் இருப்பதுதான் குற்றவாளி என்றாள். வானம் மூட்டம் போட்டிருந்தது. தகரக் கூரை சூடு ஆறும்போது எழுப்பும் டக் டக் சத்தத்தை, ஓரமாக நின்ற அவள் காது வேறு ஏதோவாகக் கேட்டது.

"மூணு பேரும் போவோம்" என்றாள் மாஸ்டர். "நான் ஓட்டுறேன். சார் பின்னாடி மேஜைகிட்ட உக்காரட்டும். நீ எங்கேருந்து வருதுன்னு கையை வெச்சுப் பாத்துச் சொல்லு. பிசியோதெரபிஸ்ட்டுன்னு சொன்னியே, உனக்குத்தான் கை வேலை தெரியுமே."

எண்பத்தைந்தில் தொடங்கியது. அவள் நடைவழியில் முட்டிபோட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தாள். முதுகுத்தண்டில் வலியின் வேரைத் தேடுவதுபோலத்தான் இதுவும். கண்ணை மூடிக்கொண்டு, கைகளை நகர்த்தி நகர்த்தி, அதிர்வு குறையும் இடத்தை விட்டுக் கூடும் இடத்துக்குப் போனாள். சமையல் மேடைக்கு அடியில் குறைவு. கதவருகே குறைவு. சக்கரத்துக்கு நேர் மேலே அதிகமாக இருக்க வேண்டும். அங்கே அவ்வளவாக இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். விரல் நுனிகள் மரத்துப்போகும் அளவுக்குத் தரை துடித்தது. கண்ணைத் திறந்தாள்.

எதிரே அவன் செருப்புகள் இருந்தன.

"என்ன பண்றே?" என்றான் மேலேயிருந்து.

"ஒண்ணுமில்லங்க. கொஞ்சம் அந்தக் கட்டில்ல போய் உக்காருங்களேன்."

அவன் எழுந்து கட்டிலுக்குப் போனான். அவள் கைக்கு அடியில் தரை ஓய்ந்தது. தவழ்ந்து கட்டிலருகே போனாள். அங்கே துடித்தது.

"முன்னாடி வாங்க."

முன்னால் வந்தான். அதிர்வும் அவன் காலோடு, தரைக்கு அடியில், ஓட்டுநர் இருக்கையை நோக்கி நகர்ந்தது. ஒட்டிக்கொண்டே வரும் நிழல் மாதிரி.

"கண்டுபிடிச்சியா?" என்று மாஸ்டர் முன்னாலிருந்து கத்தினாள். பிறகு அவளே சிரித்தாள். "உங்க வீட்டுக்காரரைத்தான் மெஷின்ல மாட்டிப் பேலன்ஸ் பண்ணணும்போல!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவளால் கைகளைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால், ஏன் எடுத்தாய் என்று அவன் கேட்பானோ என்று இருந்தது.

கடைக்குத் திரும்பியதும் அவனை இறக்கிவிட்டு மாஸ்டரும் அவளும் ஒரு தடவை போனார்கள். வண்டி எண்ணெய் விட்டதுபோல ஓடியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு மாஸ்டர் அவளை இறக்கிவிட்டாள்.

"சார் மட்டும் வரட்டும். நீ இரு."

சாலையோரம் நின்று அவள் பார்த்தாள். வெள்ளை வண்டி சின்னதாகி, வளைவில் மறைந்தது. லாரிகள் போயின. காற்று அடித்து அவள் துப்பட்டாவை முகத்தில் போர்த்தியது, விலக்கினாள். வண்டி திரும்பி வந்தது, போனதைவிட மெதுவாக, மாட்டுவண்டி வேகத்தில்.

மாஸ்டர் இறங்கினாள். கதவைச் சாத்தாமல், குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். சோப்பு தீர்ந்தும் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எண்பதைத் தாண்டாதீங்க. மெதுவா போனா ஒண்ணும் ஆகாது."

"அக்கா, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. என் அக்கா வீட்டுல விட்டிருக்கேன். ராத்திரி அவளை இவர் பக்கத்துலதான் படுக்க வைப்பேன். என்னன்னு சொல்லுங்க."

மாஸ்டர் குழாயை மூடினாள். குரல் தணிந்திருந்தது.

"சும்மா பேச்சு குடுத்தேன். வண்டி நடுங்க ஆரம்பிச்சுது. நேரா வீட்டுக்குத்தானே சார்னு கேட்டேன். ஆமான்னாரு." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "அப்புறம் அடியிலேருந்து ஒரு குரல் இல்லன்னுச்சு."

"அடியிலேருந்தா?"

"தரைக்கு அடியிலேருந்து. அவரு குரல்தான். அவரு வாயை மூடிட்டு என்னையே பாத்துட்டிருந்தாரு." மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாள் பூரா இயந்திரச் சத்தத்துல இருக்கிற காது, தங்கச்சி. காத்தா இருக்கும். குழியில நின்னு ரெண்டு தடவை நானே பாத்தேனே, அடியில ஒண்ணுமே இல்ல. இருட்டுறதுக்குள்ள போயிடுங்க."

கைபேசி ஒலித்தது. அவள் எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. அவன் எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. சரளையில் நடந்தால் சத்தம் வருமே.

"ஆமாண்டா கண்ணு" என்றான் கைபேசியில். குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது. "வந்துட்டே இருக்கோம். தூங்கிடாதே. அப்பா வந்ததும் உன் பக்கத்துலதான் படுத்துப்பேன்."

அவள் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க" என்றாள். "நான் ஓட்டுறேன்."

அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்த நினைப்பு வராமலில்லை. ஆனால் யாரிடம் என்ன சொல்வது? பதினோரு வருடம் குடித்தனம் நடத்திய மனிதனை டயர் கடையில் விட்டுவிட்டு வந்தேன், அவர் உட்கார்ந்தால் வண்டி நடுங்குகிறது என்றா? சொன்னால் அக்கா தலையில் தண்ணீர் ஊற்றிப் படுக்க வைப்பாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

எழுபதில் ஓட்டினாள். முள்ளை எழுபதிலேயே ஆணியடித்து வைத்தாள். கிழக்கே இருட்டத் தொடங்கியிருந்தது, மேற்கே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து முந்திப்போயின. அவன் பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். அவனுக்கென்று ஒரு வாசனை உண்டு, சோப்பும் கிரீஸும் கலந்தது. அது இல்லை. மழை பெய்யப்போகும் நேரத்தில் சரளைக்கல்லிலிருந்து வருமே, அந்த வாசனை வந்தது. அவன் மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா என்று அவள் கூர்ந்து கேட்டாள். என்ஜின் சத்தத்தில் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

தூரத்தில் பச்சைப் பலகை தெரிந்தது. இன்னும் சில கிலோமீட்டரில் கிளைச்சாலை. அதில் திரும்பினால் பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், அப்புறம் அக்கா வீடு. வாசல் விளக்கைப் போட்டு வைத்திருப்பாள். பாப்பா கதவைத் திறந்துகொண்டு ஓடிவருவாள், யார் முதலில் இறங்கினாலும் அவர்கள் இடுப்பைக் கட்டிக்கொள்வாள்.

யார் முதலில் இறங்கினாலும்.

அந்தத் திருப்பத்துக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். வலதுகால் தானாக அழுத்தியது. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு.

"எண்பதைத் தாண்டாதே" என்றான்.

மாஸ்டர் சொன்னதை அவள் அவனிடம் சொல்லவேயில்லை.

"ஏன்? உங்களுக்குத்தான் நடுக்கமே தெரியாதே."

"தாண்டாதே."

"ஏன்னு சொல்லுங்க."

அவள் அழுத்தினாள்.

எண்பத்தைந்தில் கரண்டிகள் விழித்துக்கொண்டன. தொண்ணூறில் அலமாரி ஒன்று திறந்து தட்டுகள் கொட்டின, உருண்டன, உடைந்தன. கண்ணாடியில் சாலை இரண்டானது, மூன்றானது. ஸ்டியரிங் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. தரைக்கு அடியில் தட்டும் சத்தம். சக்கரத்தின் தாளத்தில் இல்லை. முன்னும் பின்னுமாக, ஒழுங்கில்லாமல், இரண்டு கைகளாலும் கதவைத் தட்டுவதுபோல.

"நிறுத்து" என்றான். அவன் குரலும் நடுங்கியது.

"நிறுத்தாதே" என்றது கீழேயிருந்து.

அதே குரல்.

தொண்ணூற்றைந்து. அவள் இடதுகையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவன் முழங்கால்மேல் வைத்தாள். எத்தனையோ முழங்கால்களைப் பிடித்த கை. வயதானவர்களுடையது, விளையாட்டு வீரர்களுடையது, பக்கவாதம் வந்தவர்களுடையது. நடுங்கும் காலுக்குள் தசை இழுக்கும், நரம்பு துள்ளும், எலும்பு நிற்கும். இவன் காலில் எதுவும் இழுக்கவில்லை. எதுவும் நிற்கவில்லை. பேன்ட் துணிக்கு உள்ளே சரளைக்கல் நிரப்பிய பைபோல, எல்லாம் உதிரி உதிரியாகக் குலுங்கியது.

கையை இழுத்துக்கொண்டாள்.

"சத்தியமா நீங்க யாரு?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். முகம் நிலைக்கவில்லை. கண் இருந்த இடத்திலேயே இன்னொரு தடவை இருந்தது. வாய் திறந்தது, திறந்ததற்குப் பிறகும் மூடியே இருந்தது.

நூறு.

அடியில் ஏதோ விட்டது.

பிடி தளர்வதுபோல. முதலில் ஒரு கை. அப்புறம் இன்னொன்று. தடாலென்ற சத்தம். பின்சக்கரம் ஏறி இறங்கியது. வண்டி துள்ளி, நேரானது.

நடுக்கம் நின்றுவிட்டது.

கரண்டிகள் அடங்கின. உடைந்த தட்டுத் துண்டு ஒன்று கடைசியாகச் சுழன்று படுத்தது. ஸ்டியரிங் அவள் கையில் பூப்போல இருந்தது. முள் நூறில் நின்றது. இவ்வளவு அமைதியாக இந்த வண்டி ஒருநாளும் ஓடியதில்லை.

அவள் பக்கவாட்டில் பார்த்தாள். அவன் நீலச் சட்டையில், சீட் பெல்ட்டோடு, தெளிவாக, திடமாக உட்கார்ந்திருந்தான். முகம் நிலைத்துவிட்டது. அவளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

அவள் வெளிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

சாம்பல் வெளிச்சத்தில், வெறும் சாலையின் நடுவே, ஒரு நீலக் குவியல் கிடந்தது. அசைந்தது. கைகளை ஊன்றியது. முதுகை நிமிர்த்த முயன்றது, முடியவில்லை, தட்டையாகிப்போன முதுகு அது. அப்படியே எழுந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மூடிய கண்ணாடி ஜன்னல், காற்று, என்ஜின் எல்லாவற்றையும் தாண்டி அவளுக்கு அது கேட்டது. பதினோரு வருடமாகக் கேட்ட கூப்பிடல். தப்பாகக் கேட்க வழியே இல்லை.

அவள் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதே" என்றான் பக்கத்திலிருந்தவன், மிக மெதுவாக, அன்பாக. "அது நான் இல்ல."

கால் அங்கேயே தொங்கியது. அழுத்தவுமில்லை, விலகவுமில்லை. அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பின்னால் அது ஓட ஆரம்பித்தது. மடிந்த கால்களோடு, கைகளையும் தரையில் ஊன்றி, தலையை மட்டும் இவள் பக்கம் தூக்கியபடி ஓடியது. கிளைச்சாலைப் பலகை வந்தது, போனது. திருப்பத்துக்கு அப்பால் பெட்ரோல் பங்கின் விளக்குகள் தெரியத் தொடங்கின. ஆக்சிலேட்டரை விட்டும் முள் நூறிலேயே இருந்தது. மரங்களும் மைல்கற்களும் கண்ணாடிக்குள் விழுந்து விழுந்து சின்னதாகிக் காணாமல் போயின.

அது மட்டும் சின்னதாகவில்லை.